கம்பியில் குத்திய கடிதங்கள்

குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே உள்ள கேத்திப் பள்ளத்தாக்கில், 1901-02 காலத்தில் ஒரு போர்க்கைதிகள் முகாம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர்கள், மறுபடி துப்பாக்கி எடுத்துவிடக்கூடாது என்பதற்காகக் கடல் தாண்டி அனுப்பப்பட்டார்கள். செயின்ட் ஹெலினாவுக்கும் பெர்முடாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் போக, சுமார் ஒன்பதாயிரம் பேர் இந்தியாவுக்கு வந்தார்கள். திருச்சியிலும் பெல்லாரியிலும் சிலர் வெயிலில் வாட, வெலிங்டனிலும் கேத்தியிலும் சிலர் பனியில் விறைத்தார்கள். இன்று கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் அந்தச் சரிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு, அங்கே வெள்ளைக்கார விவசாயிகள் முள்வேலிக்குள் இருந்தார்கள் என்றால் நம்புவது கடினம்.

நம்ப வைப்பவை அவர்கள் எழுதிய கடிதங்களின் உறைகள்தான். பழைய அஞ்சல் உறைகளைச் சேகரிக்கிறவர்கள் நடுவே போயர் கைதிகளின் தபால் ஒரு தனிப் பிரிவு. அப்படிப்பட்ட ஓர் உறையைக் கையில் எடுத்தால், தணிக்கை அதிகாரி படித்து அனுமதித்ததற்கான முத்திரை இருக்கும். ஊர்ப் பெயரும் தேதியும் கொண்ட தபால் முத்திரை இருக்கும். மலை ரயில் 1899இல் குன்னூர் வரைக்கும்தான் வந்திருந்தது. ஊட்டி வரை நீண்டது 1908இல். ஆகவே கேத்திக் கடிதம் முதலில் சாலை வழியே குன்னூருக்குப் போய், பல்சக்கர ரயில் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, பெரிய ரயிலேறித் துறைமுகம் சேர்ந்து, பிறகு கப்பல் ஏறியிருக்க வேண்டும். மறுமுனையில் வாங்கியவர் யார்? பல உறைகளில் மேல்விலாசமே இன்னொரு முகாம். வயல்களையும் வீடுகளையும் எரித்துவிட்டு, கைதிகளின் மனைவி மக்களை ஆங்கில ராணுவம் அடைத்து வைத்த முகாம்கள் அவை. அவற்றில் நோயாலும் பட்டினியாலும் இறந்தவர்கள் இருபத்தாறாயிரத்துக்கும் மேல்; பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்கு வேறு முகாம்கள் இருந்தன. அங்கே இறந்தவர்களின் கணக்கு அரைகுறையாகவே எழுதப்பட்டது.

ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு ஒரு கடிதம். இரண்டு முனையிலும் தணிக்கை. நடுவில் ஒரு சமுத்திரம். உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாவிட்டாலும், உறை ஒன்றே அந்தப் போரைச் சொல்லிவிடுகிறது.

தபால்தலை சேகரிப்பதைப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாமெல்லாம் பள்ளி நாட்களில் செய்தது என்ன? வந்த கவரின் மூலையைக் கத்தரித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்து, தலையை உரித்து, நோட்டில் ஒட்டினோம். எந்த ஊரில் போட்டது, என்றைக்குப் போட்டது, யாருக்குப் போனது என்பதெல்லாம் குப்பைக்குப் போயிற்று. தேர்ந்த சேகரிப்பாளர் தலையை உரிக்கமாட்டார். அவருக்கு முழு உறை வேண்டும். முன்பக்கத்து முத்திரை புறப்பட்ட நாளைச் சொல்லும். பின்பக்கத்து முத்திரை வந்து சேர்ந்த நாளைச் சொல்லும். நடுவில் ஏதாவது ஊரில் தங்கியிருந்தால் அந்த முத்திரையும் விழுந்திருக்கும். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே இருக்கும் நாட்கள்தான் ஒருவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள்.

முத்திரை குத்திய குமாஸ்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் வரலாற்றுக்காகக் குத்தவில்லை. தலையை மறுபடி யாரும் பயன்படுத்திவிடக்கூடாது என்பதற்காகக் குத்தினார்; கையிலிருந்த பை காலியானால் வீட்டுக்குப் போகலாம் என்று குத்தினார். அதனால்தான் அந்தச் சாட்சியை நான் நம்புகிறேன். நாட்குறிப்பு எழுதுகிறவர் தன்னைக் கொஞ்சம் அழகாக்கிக்கொள்வார். சுயசரிதை எழுதுகிறவர் நிறையவே அழகாக்கிக்கொள்வார். தபால் முத்திரைக்கு அப்படி ஒரு நோக்கமே கிடையாது.

இந்த நாட்டில் கடிதம் எழுதுவது ஒரு காலத்தில் பணக்காரக் காரியம். 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி தூரத்துக்கும் எடைக்கும் தக்கபடி கட்டணம். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய். ஏழையால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. 1854 அக்டோபர் 1 முதல் நாடு முழுவதற்கும் தபால்தலை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதம் பக்கத்து ஊருக்குப் போனாலும் பெஷாவருக்குப் போனாலும் அரை அணாதான். தூரம் என்பதே கணக்கிலிருந்து அடிபட்டுப் போயிற்று. அந்த மாற்றத்தைச் செய்த கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, மறு வருஷமே உடல்நலம் தேடி நீலகிரிக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார். கால் அணா போஸ்ட் கார்டு 1879இல் வந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரண ஜனங்கள் தபால்பெட்டிப் பக்கம் வந்தார்கள்.

அந்தக் கால் அணாவும் இல்லாதவர்கள் தலை ஒட்டாமலே போட்டார்கள். பேரிங் கடிதம். வாங்குகிறவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். கட்டி வாங்கினார்கள் என்பதுதான் இதில் பெரிய விஷயம். அப்படி ஓர் உறையில் ‘கட்டணம் பாக்கி’ முத்திரையைப் பார்த்தால், அதைப் போட்டவரின் வறுமையையும், இருமடங்கு கொடுத்து வாங்கியவரின் பிரியத்தையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஊட்டியின் மிகப் பழைய கடிதங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதும், பிறகு ஊட்டியில் கல் பங்களா கட்டியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1826 செப்டம்பரில் அங்கே வந்து சில நாள் தங்கினார். அவர் மனைவி அந்த வருஷத் தொடக்கத்தில்தான் நோயுற்ற குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியிருந்தார். பார்த்த மலைகளையும் குளிரையும் மன்றோ அவருக்கு விரிவாக எழுதினார். அடுத்த வருஷம் ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் மன்றோ இறந்துபோனார். 1830இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கடிதங்கள் அச்சேறியிருக்கின்றன. ஊட்டி எப்படி இருந்தது என்று அக்கால கவர்னர் ஒருவர் சொந்தக் குரலில் சொன்னது நமக்குக் கிடைப்பது, மனைவிக்கு எழுதிய கடிதம் அழியாமல் இருந்ததால்.

இதையும்விட என்னை உலுக்கும் இன்னொன்று உண்டு. 1834 ஜூன் மாதம் மெக்காலே சென்னையில் வந்திறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் ஊட்டியில் இருந்ததால் பல்லக்கில் அங்கே போய், அந்த மழைக்காலம் முழுவதும் தங்கினார். இங்கிலாந்திலிருந்து அவர் வந்த கப்பல் பயணமே நாலு மாதம். கடிதத்துக்கும் அதே கணக்குதான். அவருக்கு உயிரான இரண்டு தங்கைகள். ஹன்னா அவரோடு இந்தியாவுக்கு வந்துவிட்டார். மார்கரெட் கல்யாணமாகி லிவர்பூலில் இருந்தார். அண்ணன் ஊட்டியின் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆகஸ்டில், மார்கரெட் செங்காய்ச்சலில் இறந்துபோனார். அண்ணனுக்குத் தெரியாது. டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து அவர் மார்கரெட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஹன்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்ற செய்தி. தங்கை இறந்து நாலு மாதம் ஆன பிறகு, உயிரோடிருக்கிறவருக்கு எழுதுகிற அத்தனை ஆசையோடும் எழுதிய கடிதம் அது. சாவுச் செய்தி அவரை எட்டியது கல்யாணம் முடிந்த பிறகு, அடுத்த ஜனவரியில்.

கடிதம் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது பிரித்துப் படிக்க மார்கரெட் இல்லை. ஆனாலும் யாரும் அதைக் கிழித்துப் போடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1876இல் ஹன்னாவின் மகன் தன் மாமாவின் வரலாற்றை எழுதியபோது அதையும் சேர்த்து அச்சிட்டார். நம் கல்வித் திட்டத்தை மாற்றியவர் என்ற வகையில் மெக்காலேயின் மேல் நமக்குத் தீராத வழக்கு இருக்கிறது. அது இருக்கட்டும். இல்லாத தங்கைக்கு எழுதிய அண்ணனாக அவரை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

இந்தக் கடிதங்களையெல்லாம் அடுக்கி வைத்து யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. நீலகிரியில் எழுதிய கடிதம் எதுவும் நீலகிரியில் இல்லை. மன்றோவினுடையது இங்கிலாந்துக்குப் போயிற்று. போயர்களுடையவை ஆப்பிரிக்காவுக்குப் போயின. 1846 முதல் கேத்தியில் பள்ளியும் ஆலயமுமாக வேலை செய்த பாசல் மிஷன்காரர்கள் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் சுவிட்சர்லாந்தில், பாசல் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படகர்களைப் பற்றியும் தோடர்களைப் பற்றியும் ஆராய்கிறவர்கள் இன்றும் அங்கேதான் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

தோடர்களுடைய நிலை இன்னும் வேறு. ஆல்பர்ட் பென் போன்ற ஊட்டிப் புகைப்படக்காரர்கள் அவர்களைப் படமெடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படம் போட்ட போஸ்ட் கார்டுகள் உலகெங்கும் பித்தாகப் பரவியபோது, தோடர் முகங்களும் அவர்களுடைய வளைந்த கூரை வீடுகளும் அட்டைகளில் ஏறி லண்டன் வீடுகளுக்குப் போயின. அவர்கள் முகம் போயிற்று. பின்பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தைகள் வேறு யாருடையவோ. அன்றைக்கு அவர்களுக்குள் எழுத்தும் இல்லை, அவர்களுக்குக் கடிதம் எழுதுவாரும் இல்லை. 1981இல் இந்திய அஞ்சல் துறை பழங்குடிகள் வரிசையில் நாலு தலைகள் வெளியிட்டபோது அதில் ஒன்றில் தோடர் படம் வந்தது. அப்போதும் அது முகம்தான்.

கடிதம் பிழைத்திருப்பது எழுதியவர் கையால் அல்ல, வாங்கியவர் கையால். சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மனிதரையோ ஓர் ஊரையோ புரிந்துகொள்ளப் புறப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் பத்திரப்படுத்தினார். சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரால் இயங்கும் நூல்நிலையத்தில் அவை இருக்கின்றன. அவருடைய காலத்துத் தமிழறிஞர்கள், ஜமீன்தார்கள், மடாதிபதிகள், எளிய ஆசிரியர்கள் எல்லோரும் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐயருடைய குரலைக் கேட்க வேண்டுமானால் அவரிடமிருந்து கடிதம் பெற்றவர்களின் வீடுகளைத் தேடிப் போக வேண்டும்.

துரைமார்களுக்குப் பெட்டி இருந்தது, பீரோ இருந்தது, காகிதத்தைக் காப்பாற்றும் பழக்கம் இருந்தது. அதனால் நீலகிரியின் அஞ்சல் வரலாறு என்றாலே கவர்னரும் மிஷனரியும் பட்டாளத்துச் சிப்பாயும் தோட்ட முதலாளியும் எழுதியதாக ஆகிவிட்டது. ஏலத்துக்கு வருவதும் அதுதான், விலை போவதும் அதுதான். தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள் கடிதமே எழுதவில்லையா? எழுதினார்கள். அவர்களுக்கும் வந்தது. அதை எங்கே வைத்தார்கள் என்று சேகரிப்பாளர்கள் பார்க்கவில்லை.

கம்பியில் குத்தி வைத்தார்கள். நம் தலைமுறைக்கு விளக்க வேண்டாம், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நீளமான இரும்புக் கம்பி ஒன்றின் அடியில் ஒரு மரவில்லையோ தகரத்துண்டோ கோத்திருக்கும். மேல்நுனி கொக்கிபோல் வளைந்து, கூரைச் சட்டத்திலோ சுவர் ஆணியிலோ தொங்கும். படித்து முடித்த கடிதம் அதில் ஏறும். கரண்ட் பில், ரேஷன் கடைச் சீட்டு, மணியார்டர் ரசீது, கோயில் வரிச் சீட்டு எல்லாம் அதே கம்பியில்தான். யாரும் திட்டமிடாமலே அதில் ஓர் ஒழுங்கு உண்டு. பழையது அடியில், புதியது மேலே. ஒரு குடும்பத்தின் இருபது முப்பது வருஷம் வந்த வரிசையிலேயே நிற்கும். ஆவணக் காப்பகத்தார் பாடுபட்டுச் செய்கிற வேலையை அந்தக் கம்பி தானாகச் செய்திருக்கிறது.

சேகரிப்பாளர்களுக்குக் கம்பியென்றால் ஆகாது. உறையின் நடுவில் ஓட்டை விழுந்துவிடுகிறதே. முத்திரையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தால் அந்த உறைக்குச் சந்தையில் மதிப்பே இல்லை. எனக்கோ அந்த ஓட்டைதான் பெரிய முத்திரையாகத் தெரிகிறது. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது, படிக்கப்பட்டது, எறிய மனமில்லாமல் வைக்கப்பட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தபால் நிலையம் குத்திய முத்திரை வந்த தேதியைச் சொல்கிறது. வீடு குத்திய துளை வரவேற்றதைச் சொல்கிறது.

நீலகிரியின் சில ஊர்களில் அந்தக் கம்பிகளில் இருப்பது சாதாரணக் கடிதங்கள் அல்ல. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களைத் தொகையாகப் பிரித்தது. ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. பத்து வருஷம் கழித்து, அந்த மீதியைச் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976இல் அது டேன்டீ என்ற கழகமாயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அந்த ஜனங்கள் குடியேறினார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் இன்னொரு மலைக்கு வந்து அதே கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டவர்கள்.

ஒப்பந்தம் லட்சங்களைப் பிரித்தபோது குடும்பங்களும் பிரிந்தன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை. பெற்றவள் ஹட்டனில், மகள் கோத்தகிரியில். அதன் பிறகு அவர்கள் நடுவே இருந்தது தபால் ஒன்றுதான். விமானத்தபால் தாளில் மூலை முடுக்கெல்லாம் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் சுற்றி எழுதி, மடித்து ஒட்டி அனுப்பிய கடிதங்கள். தலையில் சிலோன் என்று இருந்தால் அது 1972 மே மாதத்துக்கு முந்திய தலை. ஸ்ரீலங்கா என்றிருந்தால் பிந்தியது. இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. போய் நேரில் பார்க்கலாம் என்ற நினைப்பும் அதோடு நின்றது. அந்தக் காலத்துக் கடிதங்களின் முத்திரைத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும், இரண்டு கடிதங்களுக்கு நடுவே ஒரு தாய் என்ன பாடுபட்டிருப்பாள் என்று ஊகிக்கலாம்.

மேல்விலாசத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், ஊர். லயம் எனப்படும் வரிசை வீட்டில் இருக்கும் காம்பராவுக்கென்று ஒரு விலாசம் கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து ஆளுக்கு வர வேண்டும். வரும், வராது, இன்னொருவர் கைக்குப் போகும், நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் தேர்வு முடிந்த பிறகு வரும். இலங்கை மலையகத்தில் தனி விலாசம் வேண்டும் என்பது இன்றும் ஓர் உரிமைக் கோரிக்கையாக இருக்கிறது. விலாசம் என்பது தபால்காரரின் வசதிக்கான நாலு வரி என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அது இல்லாதவர்களுக்குத் தெரியும், இந்த உலகத்தில் தன்னைத் தேடி ஒருவர் வர முடியும் என்பதற்கான உறுதி அது என்று.

அந்தக் கடிதங்களின் கையெழுத்தும் பல நேரம் அனுப்பியவருடையது அல்ல. அம்மா சொல்ல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருக்கும். தோட்டத்துப் பள்ளி வாத்தியார் எழுதிக் கொடுத்திருப்பார். இந்தப் பக்கம் வந்ததும் இன்னொரு பிள்ளை படித்துச் சொல்லியிருக்கும். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, ஆடு குட்டி போட்டதையும் கூரை ஒழுகுவதையும் சொல்லி, கேட்டவர்கள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதி முடியும். சொன்னவர், எழுதியவர், படித்துக் காட்டியவர், கேட்டவர் என்று நாலு பேர் ஒரு கடிதத்துக்குள். எழுத்தறியாத ஜனங்களுக்குக் கடித வரலாறு இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த நாலு பேரையும் எண்ணவில்லை.

அந்தக் கம்பிகளில் இல்லாத ஒன்றும் உண்டு. சாவுச் செய்தி. துக்கக் கடிதம் வந்தால் படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போடுவது நம் வழக்கம், வீட்டுக்குள் வைக்கமாட்டோம். கல்யாணப் பத்திரிகை மஞ்சள் தடவிய மூலையோடு கம்பியில் இருக்கும். கருமாதிக் கார்டு இருக்காது. ஆகவே ஒரு கம்பியை அடியிலிருந்து படித்துக்கொண்டு வந்தால் யாரும் சாவதில்லை. ஒருவருடைய கடிதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு தேதிக்குப் பிறகு வராது. மற்றவர்களுடைய கடிதங்களில் அவர் பெயர் கேட்டவர்கள் வரிசையிலிருந்து மறைந்திருக்கும். அவ்வளவுதான். முத்திரைகளை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த இடம் கண்ணில் படும்.

நூற்றாண்டு கடந்த ஓர் உறையைத் தேடி வெளிநாட்டு ஏலத்தில் பணம் கட்டுகிறவரை நான் குறைசொல்லவில்லை. கேத்திக் கைதியின் உறையைக் காப்பாற்றி வைத்தவருக்கு இந்த மலை நன்றி சொல்ல வேண்டும். ஆனால் உறையை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த கடிதத்தை எறிந்துவிடும் பழக்கம் சந்தையில் உண்டு; தலையில்லாத, ஓட்டை விழுந்த கடிதத்தைக் கையாலும் தொடாத பழக்கமும் உண்டு. அந்த இரண்டும் மாறாதவரை நம் சேகரிப்பு யாரெல்லாம் பெட்டி வைத்திருந்தார்கள் என்பதற்கான பட்டியலாகவே இருக்கும்.

மறுபடி அந்தக் கோத்தகிரி மகள் வீட்டுக் கம்பியையே நினைத்துப் பார்க்கிறேன். கோத்தகிரி வீட்டில் தொங்குவது கோத்தகிரிப் பெண் எழுதிய கடிதங்கள் அல்ல. அவள் எழுதியவையெல்லாம் ஹட்டனில் ஒரு லயத்துச் சுவரில் தொங்கியிருக்கும். இங்கே இருப்பது அவளுக்கு வந்த பதில்கள். அவள் என்ன கேட்டாள், எதற்காக அழுதாள், எதை மறைத்தாள் என்பதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். நாம் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம். என் வாழ்நாளில் நான் எழுதிய கடிதம் ஒன்றுகூட என் கையில் இல்லை. என்னிடம் இருப்பது பிறருடைய குரல்கள். என் குரல் யார் யார் வீட்டிலோ இருக்கிறது, அல்லது அவர்களோடு போய்விட்டது. ஒரு மனிதர் வாழ்ந்ததற்கான சாட்சி அவருடைய கையில் தங்குவதில்லை, அவரை வேண்டும் என்று நினைத்தவர்கள் கையில்தான் தங்குகிறது. ஆகவே பிறர் கடிதத்தைக் காப்பாற்றுவது பழம்பொருள் ஆசை அல்ல. அவருடைய உயிரின் ஒரு பாதி நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது. பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்துவதாக அறிவித்தது. இனி புதிதாகக் கம்பியில் ஏறப்போவது அதிகமில்லை. இருப்பதுதான் இருக்கும், அதுவும் வீட்டை இடித்துக் கட்டும்போது, லைன் வீட்டைக் காலிசெய்யும்போது, பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போகிறது.

ஆகவே நீலகிரியில் இருக்கும் உங்களிடம், முக்கியமாகக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்துக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்படி ஒரு கம்பி இருந்தால் அவசரப்பட்டு உருவாதீர்கள். முதலில் இருக்கிற நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வந்த வரிசை மாறாமல் அடுக்குங்கள். தலையை உரிக்காதீர்கள், உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். நம் மலையின் ஈரம் காகிதத்துக்குப் பகை. ஜூன் தொடங்கினால் பூஞ்சை பிடிக்கும். காற்றாடும் உலர்ந்த இடத்தில், பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், கெட்டி அட்டைப் பெட்டியில் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து, இலங்கையில் உறவு இருந்தால் அனுப்பிக் கேளுங்கள். மறுபாதி அங்கே இருக்கலாம். பாட்டி உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் எழுதியது, இந்தப் பெயர் யாருடையது என்று கேட்டு, தனித்தாளில் பென்சிலால் குறித்து வையுங்கள். அதை இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்யுங்கள்.